நீச்சல் குளத்தை இறைக்கும் முன் கிணற்றை எட்டிப் பாருங்கள்

கேள்வி: ஆவணி மாதம் முட்டுக்காட்டுக்குப் பக்கத்தில் தோட்டத்தோடு ஒரு பழைய வீடு வாங்கினோம். பின்பக்கம் நீச்சல் குளம் இருக்கிறது. முன்பு இருந்தவர்கள் வெளிநாடு போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். அதிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. தண்ணீர் கரும்பச்சையாக இருக்கிறது, முதல் படிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. பாதாம் மரத்து இலை முழுக்க அதில்தான் விழுகிறது. பார்க்க வந்த கான்ட்ராக்டர், தண்ணீரை மொத்தமாக இறைத்து ஆசிட் போட்டுக் கழுவ வேண்டும், டைல்ஸையும் மாற்ற வேண்டும் என்கிறார். வீடு வாங்கிய கையோடு அவ்வளவு செலவு செய்யும் நிலையில் நாங்கள் இல்லை. எனக்கோ என் கணவருக்கோ நீச்சல் குளம் பற்றி ஒன்றும் தெரியாது. பேசாமல் மண்ணைக் கொட்டி மூடிவிடலாமா என்றுகூட யோசிக்கிறோம். ஏழு வயதில் ஒரு மகன் இருக்கிறான். எங்கிருந்து தொடங்குவது?
வாசகி, சென்னை

பதில்: மண் கொட்ட வேண்டாம் அம்மா. உங்கள் குளத்தைவிட மோசமான குளங்கள் தண்ணீரை மாற்றாமலே தெளிந்து வந்ததை இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். பச்சை நிறம் வெறும் பாசி. பாசியைக் கொன்று, வடிகட்டி, வெளியே தள்ளிவிட்டால் அதே தண்ணீரில் குளிக்கலாம்.

இறைப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பகுதியில் எந்தக் குளத்தையும் முழுசாக இறைக்கக் கூடாது. அங்கே மணல் பூமி. வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் நிலத்தடி நீர் மேலேறி, தரைக்குக் கொஞ்சம் கீழேயே நிற்கும். குளத்துக்குள் தண்ணீர் இருக்கும்வரை அதன் பாரம் கான்கிரீட் தொட்டியைக் கீழே அழுத்திப் பிடித்திருக்கிறது. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால் வெளியே இருக்கும் நீர் தொட்டியை அடியிலிருந்து மேலே தூக்கும். தரை உப்பும், டைல்ஸ் பெயரும், சுவரில் விரிசல் விழும். தொட்டி முழுசாகவே மேலெழும்பிப் போவதும் உண்டு. அதற்கு அப்புறம் ஆகும் செலவுக்குப் புதுக் குளமே கட்டிவிடலாம்.

உங்கள் வீட்டில் உறைகிணறு இருக்கிறதா? அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்கும். அதில் தண்ணீர் தரையிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று கயிறு விட்டு அளந்து பாருங்கள். குளத்தின் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். கிணற்று நீர்மட்டம் குளத்தின் அடித்தரைக்கு மேலே இருந்தால், யார் சொன்னாலும் இறைக்க விடாதீர்கள். டைல்ஸ் வேலை உண்மையிலேயே தேவை என்றால் சித்திரை, வைகாசியில் கிணறு கீழே போன பிறகு செய்யலாம். ஆசிட் கழுவல் இப்போதைக்குத் தேவையே இல்லை. டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட் பூச்சை அது தின்றுவிடும், அடுத்த பாசிக்கு அந்தப் பள்ளங்கள்தான் இடம்.

பையனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அதனால் குளத்தைத் தொடும் முன்பே ஒரு வேலை. பச்சைத் தண்ணீரில் ஒரு குழந்தை விழுந்தால், பக்கத்தில் நிற்பவருக்குக்கூட எங்கே இருக்கிறான் என்று தெரியாது. நாலு அடிக்குக் குறையாமல் சுற்றிலும் வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, பையன் கைக்கு எட்டாத தாழ்ப்பாள். நிரந்தர வேலி வர நாளாகும் என்றால் இப்போதைக்குக் கம்பி வலையாவது கட்டுங்கள். அதே நாளில் எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். இரண்டு வருஷம் கடல் காற்றில் கிடந்த மோட்டாரை அப்படியே சுவிட்ச் போடக் கூடாது. எர்த் சரியாக இருக்கிறதா, அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, குளத்துக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பார்த்து முடிக்கும்வரை அந்த விளக்கின் இணைப்பைக் கழற்றி வைப்பது நல்லது.

இனி குளம். புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் கடைக்குப் போய் கெமிக்கல் வாங்குகிறார்கள். ஃபில்டர் ஓடாத குளத்தில் எவ்வளவு குளோரின் கொட்டினாலும் காசுதான் கரையும். செத்த பாசி வெளியே போக வழி இல்லையே. முதலில் மோட்டார் ரூம், அப்புறம்தான் கடை.

மோட்டார் ரூமுக்குப் போவதற்குமுன் இலைகளை அள்ளிவிடுங்கள். நீளக் கம்பில் பை போன்ற வலை மாட்டியது கிடைக்கும், தட்டை வலை வேண்டாம். அடியில் மெதுவாக இழுத்து, வரும் சேறோடு எடுத்துக் கரையில் கொட்டுங்கள். நாற்றம் அடிக்கும், தண்ணீர் இன்னும் கலங்கும், பரவாயில்லை. அழுகிய இலை உள்ளே கிடக்கும்வரை நீங்கள் போடும் குளோரினை அதுவே குடித்துவிடும்.

மோட்டாருக்கு முன்னால் கண்ணாடி மாதிரி மூடி போட்ட ஒரு கிண்ணம் இருக்கும். அதற்குள் ஒரு கூடை. அதைக் கழுவுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மோட்டார் காற்றைத்தான் இழுக்கும். கிண்ணம் நிறையத் தண்ணீர் ஊற்றி மூடிய பிறகே ஓட்ட வேண்டும். உலர்ந்து ஓடினால் சீல் எரிந்துபோகும்.

பக்கத்தில் உருண்டையாக ஒரு தொட்டி நிற்கும். அதுதான் மணல் ஃபில்டர். அதன் தலையிலோ இடுப்பிலோ ஒரு கைப்பிடி வால்வு இருக்கும். ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ், வேஸ்ட், ரீசர்க்குலேட், குளோஸ் என்று அதில் ஆறு நிலைகள். இந்தக் கைப்பிடியை மோட்டார் ஓடும்போது ஒருநாளும் திருப்பாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் கேஸ்கெட் கிழிந்துவிடும், அப்புறம் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்றே தெரியாமல் போகும். மோட்டாரை நிறுத்தி, கைப்பிடியை அழுத்தி, திருப்பி, விட்டு, பிறகு ஓட்டுங்கள். பேக்வாஷில் வைத்தால் தண்ணீர் மணலுக்குள் கீழிருந்து மேலே ஏறி அழுக்கை வெளியே தள்ளும். பக்கத்தில் சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கும், அதில் ஓடும் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று நிமிஷம் விடுங்கள். பிறகு ரின்ஸில் அரை நிமிஷம். ரின்ஸ் செய்யாமல் நேராக ஃபில்டருக்கு மாற்றினால் மிச்ச அழுக்கு குளத்துக்கே திரும்பி வரும்.

பேக்வாஷ் முடிந்ததும் பிரஷர் மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, பெயின்டால் அதன் கண்ணாடியில் ஒரு கோடு போடுங்கள். அதிலிருந்து 8 அல்லது 10 பி.எஸ்.ஐ. ஏறினால் மறுபடி பேக்வாஷ். இந்த ஒரு கோடு உங்களுக்குப் பாதி வேலையைச் சொல்லிக் கொடுக்கும்.

மணல் எத்தனை வருஷமானது என்று விற்றவர்களிடம் கேளுங்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் என்றாலோ, திறந்து பார்த்தால் கட்டிகட்டியாக எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தாலோ மாற்ற வேண்டும். 0.5 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை சலித்த சிலிக்கா மணல்தான் போட வேண்டும். ஆற்று மணலும் எம்-சாண்டும் ஆகாது. 24 அங்குல ஃபில்டருக்குச் சுமார் 150 கிலோ பிடிக்கும். கொட்டுவதற்கு முன் தொட்டியில் பாதி தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். அடியில் விரல் விரலாக நீட்டியிருக்கும் பிளாஸ்டிக் குழாய்கள் மணல் விழும் வேகத்தில் உடையாமல் இருக்கும்.

தண்ணீர் சுற்ற ஆரம்பித்துவிட்டதா? சரி, இப்போது கணக்கு. குளத்தின் அளவை நீங்கள் எழுதவில்லை. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆழம் ஒரு முனையில் 0.9, மறுமுனையில் 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தரை ஒரே சரிவாக இருந்தால் சராசரி ஆழம் 1.35. பெருக்கினால் 43.2 கன மீட்டர், அதாவது 43,200 லிட்டர். உங்கள் எண்ணைக் கண்டுபிடித்து மோட்டார் ரூம் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். எந்தக் கெமிக்கலும் அந்த எண்ணை வைத்துத்தான்.

டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். முதலில் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) பாருங்கள், 7.2 பக்கம் கொண்டுவாருங்கள். கூடுதலாக இருந்தால் ஆசிட், குறைவாக இருந்தால் சோடா ஆஷ். குளோரின் போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் குளோரின் மிக அதிகமாக இருக்கும்போது பி.எச். சொட்டு மருந்து தப்பான நிறம் காட்டும். பி.எச். சரியில்லாமல் குளோரின் போடுவதும் வீண். 7.5-ல் குளோரினில் ஏறக்குறைய பாதி வேலை செய்யும் வடிவத்தில் இருக்கும். 8-க்குப் போனால் அது கால்வாசிக்கும் கீழே.

பிறகு, சூரியன் இறங்கிய பின் குளோரின். பகலில் போட்டால் வெயில் ஒரு மணி நேரத்தில் பாதியைத் தின்றுவிடும். கடையில் 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் கேளுங்கள். சாதாரணப் பிளீச்சிங் பவுடர் வேண்டாம், அதில் சுண்ணாம்புதான் அதிகம், குளம் பால் மாதிரி வெளுத்துக் கலங்கிவிடும். மேலே சொன்ன 43,200 லிட்டருக்கு 10 பி.பி.எம். (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) ஏற்ற ஏறக்குறைய 670 கிராம் வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு அதில் பவுடர். பவுடர் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். கரைத்துக் குளத்தைச் சுற்றி ஊற்றி, நீளப் பிரஷால் சுவர், படி, மூலை எல்லாவற்றையும் தேயுங்கள். சுவரில் வழவழவென்று ஒட்டியிருக்கும் பாசி மேலே ஒரு தோல் போர்த்தியிருக்கும். தேய்த்தால்தான் குளோரின் உள்ளே போகும். மோட்டார் இரவு பகலாக ஓடட்டும்.

மறுநாள் காலையில் அளந்தால் குளோரின் பூஜ்யமாக இருக்கும். பயப்பட வேண்டாம், பாசி அதைச் செலவழித்திருக்கிறது. மாலையில் மறுபடி அளந்து 10-க்கு ஏற்றுங்கள், மறுபடி தேயுங்கள். கரும்பச்சை இளம்பச்சையாகும், பிறகு சாம்பல் கலந்த நீலமாகும், அப்புறம் வெள்ளைக் கலங்கல். அந்த வெள்ளைதான் செத்த பாசி. இந்தக் கட்டத்தில் பிரஷர் முள் சீக்கிரம் சீக்கிரம் ஏறும், ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை பேக்வாஷ் கேட்கும். போகிற தண்ணீருக்குப் பதில் நிரப்பிக்கொண்டே இருங்கள், நீர்மட்டம் ஸ்கிம்மர் (மேல்மட்டத் தண்ணீரை இழுக்கும் சுவர்த் திறப்பு) வாயில் பாதி வரை நிற்க வேண்டும். பேக்வாஷ் தண்ணீரைச் செடிகளுக்கும் கிணற்றுப் பக்கமும் விடாதீர்கள்.

எப்போது முடிந்தது என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். பொழுது சாய்ந்ததும் ஒரு தடவை, விடியும் முன் ஒரு தடவை குளோரினை அளங்கள். இரவில் வெயில் இல்லை, ஆகவே குறைந்தால் அதற்குக் காரணம் பாசிதான். 1 பி.பி.எம்.முக்கு மேல் குறையவில்லை என்றால் உள்ளே உயிரோடு எதுவும் இல்லை என்று அர்த்தம். அதுவரை நிறுத்த வேண்டாம். தெளிந்துவிட்டது போலத் தெரிகிறதே என்று பாதியில் விட்டால் ஒரே வாரத்தில் பச்சை திரும்பிவிடும்.

அடியில் வெள்ளையாக மண்டி படிந்திருந்தால் வேக்கம் போடும்போது (அதை உறிஞ்சி எடுக்கும்போது) வால்வை வேஸ்டில் வையுங்கள், தண்ணீர் நேராக வெளியே போகும். ஃபில்டர் வழியாக விட்டால் அடைத்துக்கொள்ளும். தரை நன்றாகத் தெரிந்து, குளோரின் 3-க்குக் கீழே இறங்கிய பிறகு குளிக்கலாம். இறங்கும் முன் அடியில் இருக்கும் வடிகால் மூடி உடையாமல், திருகாணியோடு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். மூடி இல்லாத வடிகால் குழந்தையின் முடியையோ கையையோ இழுத்துப் பிடித்துவிடும். மூடி சரியாகும்வரை பையனை உள்ளே விடாதீர்கள்.

அப்புறம் அன்றாட வேலை கொஞ்சம்தான். மோட்டார் தினமும் 6 முதல் 8 மணி நேரம். குளோரின் 1 முதல் 3, பி.எச். 7.2 முதல் 7.6. வாரம் ஒரு தடவை பிரஷும் வேக்கமும். வெயிலிலிருந்து குளோரினைக் காக்க சயனூரிக் ஆசிட் என்று ஒன்று இருக்கிறது, 30 முதல் 50 பி.பி.எம். போதும். பெருமழை பெய்த மறுநாள் கட்டாயம் அளந்து பாருங்கள். வேலையாளை வைத்தாலும் முதல் சில மாதம் நீங்களே அளங்கள் அம்மா, குளம் உங்களுக்குப் பழகிவிடும்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் குளித்துவிட்டு வந்தால் கண் எரிகிறது, மூக்கைத் துளைக்கும் வாடை. குளோரின் அதிகம் என்று சொல்லி ஒரு வாரம் போடாமல் நிறுத்தச் சொன்னோம், இன்னும் மோசமாகிவிட்டது. ஏன்?
குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: நல்ல குளோரின் இருக்கும் குளத்தில் அவ்வளவு வாடை வராது. வியர்வை, சிறுநீர், உடம்பில் தடவிய எண்ணெய் இவற்றோடு குளோரின் சேர்ந்து குளோரமைன் ஆகிறது. கண்ணை எரிப்பதும் வாடை அடிப்பதும் அதுதான். அதை உடைக்க குளோரின் இன்னும் கூடுதலாகத்தான் வேண்டும். மஞ்சள் நிறம் காட்டும் சொட்டு மருந்து இரண்டையும் சேர்த்தே காட்டும், அதனால் உங்கள் ஆளுக்கு அளவு சரியாக இருப்பது போலத் தெரிந்திருக்கும். டி.பி.டி. மாத்திரை வாங்குங்கள். ஒன்றாம் எண் மாத்திரை வேலை செய்யும் குளோரினைக் காட்டும், மூன்றாம் எண்ணையும் சேர்த்துப் போட்டால் மொத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குளோரமைன். அது 1 பி.பி.எம். என்றால் குளோரினை 10 அளவுக்கு ஏற்றி, ஓர் இரவு யாரையும் விடாமல் வைக்க வேண்டும்.

வருஷக்கணக்காக டி.சி.சி.ஏ. (சயனூரிக் ஆசிட் கலந்த குளோரின்) மாத்திரை மட்டுமே போடுகிறார்களா என்றும் விசாரியுங்கள். அதில் 10 பி.பி.எம். குளோரின் போட்டால் கூடவே 6 பி.பி.எம். சயனூரிக் ஆசிட் சேர்கிறது. குளோரின் தீர்ந்துவிடும், அது தீராது, சேரச் சேரக் குளோரினை மந்தமாக்கிவிடும். 100-ஐத் தாண்டியிருந்தால் தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுவதைத் தவிர வழியில்லை, மூன்றில் ஒரு பங்காக மாற்றுங்கள். குளத்தில் இறங்கும் முன் ஷவரில் நனைவதைச் சங்கத்தில் கண்டிப்பாக்குங்கள். எல்லாக் கெமிக்கலையும்விட அதுதான் அதிகம் உதவும்.

கேள்வி: போர் தண்ணீர் நிரப்பினோம், பளிங்கு போல இருந்தது. குளோரின் போட்ட ஒரு மணி நேரத்தில் டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறிவிட்டது. கெமிக்கல் போலியா?
வாசகர், பொள்ளாச்சி

பதில்: கெமிக்கலில் குறை இருக்காது. உங்கள் போர் தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கிறது. கரைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. குளோரின் பட்டதும் துருவாகி நிறம் காட்டுகிறது. இதுவும் நல்லதுதான், துருவாகிவிட்டதை வடிகட்டி எடுத்துவிடலாம். பி.எச்.சைச் சரியாக வைத்து மோட்டாரை விடாமல் ஓட்டி, அடிக்கடி பேக்வாஷ் செய்யுங்கள். அவசரம் என்றால் மாலையில் படிகாரத்தைக் கரைத்து ஊற்றி, சிறிது நேரம் கலந்ததும் மோட்டாரை நிறுத்துங்கள். இரவில் எல்லாம் அடியில் படியும். காலையில் கலக்காமல் மெல்ல வேக்கம் போட்டு நேராக வேஸ்டில் விடுங்கள். தாமதித்தால் டைல்ஸில் கறை ஏறும். இனி நிரப்பும் தண்ணீரை வாளியில் பிடித்து, ஒரு சிட்டிகை குளோரின் போட்டு நிறம் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

கேள்வி: குளத்தில் தினமும் தண்ணீர் குறைகிறது. ஓட்டையா, வெயிலா?
வாசகி, மதுரை

பதில்: ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்தின் முதல் படியில் வையுங்கள். வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு நாள் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் வெயில்தான். உங்கள் ஊர்க் கோடையில் ஒரே நாளில் அரை சென்டிமீட்டருக்கு மேல் போவது சகஜம். குளத்தில் மட்டும் கூடுதலாகக் குறைந்தால் கசிவு. அப்புறம் மோட்டாரை ஓட்டி இதையே செய்து பாருங்கள். ஓடும்போதுதான் அதிகம் குறைகிறது என்றால் தேட வேண்டிய இடம் குழாய், குளத்துச் சுவர் இல்லை.

கேள்வி: தோட்டக்காரர்தான் எங்கள் குளத்தையும் பார்த்துக்கொள்கிறார். ஆசிட், குளோரின், டி.சி.சி.ஏ. மாத்திரை எல்லாம் மோட்டார் ரூமில் ஒரே அலமாரியில் இருக்கின்றன. அளப்பதற்கு ஒரே டப்பாதான். பரவாயில்லையா?
வாசகர், கொட்டிவாக்கம்

பதில்: பரவாயில்லை என்று சொல்லவே முடியாது ஐயா. ஆசிட்டும் குளோரினும் சேர்ந்தால் நச்சு வாயு வரும், அடைத்த அறையில் அது ஆளைக் கொல்லும். கால்சியம் ஹைப்போவும் டி.சி.சி.ஏ.வும் இரண்டுமே குளோரின்தானே என்று ஒரே டப்பாவில் அளந்தால், கொஞ்சம் ஈரம் இருந்தாலே தீப்பிடிக்கும், வெடிக்கும். அவரிடம் இதைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள், பெரும்பாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்கு ரப்பர் கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா, மேலே தமிழில் பெயர். குளோரின் இரண்டையும் காய்ந்த இடத்தில், ஒன்றுக்கொன்று தள்ளி வையுங்கள். ஆசிட்டை அந்த அறையிலேயே வைக்காதீர்கள், அதன் ஆவி மோட்டாரையும் அரித்துவிடும். இதைப் படித்ததும் முதல் வேலையாக ஆசிட் கேனை வெளியே எடுத்து, நிழலில், பூட்டிய இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.